இரண்டாவது பிரேக்

ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கும் ஓர் அம்மா, ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், என் தம்பியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள். முதல் நாள், முதல் திருப்பம், எதிரே லாரி. பயத்தில் அந்த அம்மாவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. திரும்பி வந்தால் பயிற்சிப் பள்ளி வாசலில் தங்கள் முறைக்காக நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லாம் இளவட்டம், சிரிக்க விஷயம் கிடைக்காதா என்று பார்க்கிற வயசு. காரை நிறுத்தச் சொன்ன தம்பி, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அந்த அம்மா மடியிலும் சீட்டிலும் தன் பேன்ட்டிலும் கவிழ்த்துவிட்டு இறங்கினான். "எவன்டா இந்த பாட்டில் மூடியைச் சரியா மூடாம வச்சது? ரெண்டு பேரையும் குளிப்பாட்டிடுச்சு!" என்று தெருவே கேட்கக் கத்தினான். பிறகு சீட் உறையைக் கழற்றிச் சுருட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் போட்டான். துவைக்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. நாற்றத்தில் எனக்குப் பாதி புரிந்தது. மீதியை அந்த அம்மாவே, சாமி கும்பிடப் போன இடத்தில், கண் கலங்க என்னிடம் சொன்னாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடவுள் இதைப் பார்த்திருப்பார், அவன் பேரில் எழுதியும் வைத்திருப்பார். இதற்கு மேல் நான் சொல்லப்போவதில் நல்லது தேடுகிறவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான்.

என் தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தான். பள்ளி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் அறை, ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறிகள் போட்ட படம், வாசலில் இரண்டு கார். அவ்வளவுதான். பேர் சொல்லி யாரும் அவனைக் கூப்பிட மாட்டார்கள், வாத்தியார் என்பார்கள். அவனுக்கும் அதுதான் இனிக்கும். வீட்டில் பெண்டாட்டி "என்னங்க" என்றால் காது கேட்காது. வாசலில் யாராவது "வாத்தியாரே" என்றால் சாப்பிட்ட கையோடு ஓடுவான்.

பயிற்சிக் காரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஓட்டுகிறவர் காலடியில் பிரேக் இருக்கிற மாதிரி, பக்கத்தில் உட்கார்கிற வாத்தியார் காலடியிலும் ஒன்று இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தப்புச் செய்தால் வாத்தியார் இதை மிதித்து நிறுத்திவிடுவார். ஸ்டியரிங் ஒருத்தர் கையில், நிறுத்துவது இன்னொருத்தர் காலில். நல்ல ஏற்பாடு. எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் என் தம்பி அந்தப் பிரேக்கைக் காரிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததே கிடையாது.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அவன் வீட்டுப் பின்னறையில்தான் நான் இருந்தேன். ஆகவே காதால் கேட்டதைச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அவன் பெண்டாட்டி அடுப்பைப் பற்றவைப்பாள். பின்னாலேயே வந்து தீயைக் குறைப்பான். அவள் கதவைப் பூட்டுவாள். இவன் திறந்து மறுபடி பூட்டுவான். அவள் குழாயை மூடினால் இவன் இன்னொரு திருகு திருகுவான். அப்புறம் அந்தக் குழாயை யாராலும் திறக்க முடியாது, அவனைத்தான் கூப்பிட வேண்டும். தெருவில் இரண்டு பேரும் நடந்து போனால், "நில்லு... வண்டி வருது... வரட்டும்... ம், இப்பப் போ" என்று சொல்லிக்கொண்டே வருவான். அவள் வயசு என்ன, இவன் பேச்சு என்ன. எனக்கே வெட்கமாக இருக்கும்.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்தி, ஃபிரேமைச் சூடுகாட்டி வளைத்து, ஆளுடைய காதுக்கும் மூக்குக்கும் சரியாக உட்கார வைக்கிற வேலை. கடையிலிருந்து தினம் ஒரு கதை கொண்டுவருவாள். வீட்டுக்கு வந்தவர்களிடம் ஆசையாக ஆரம்பிப்பாள்.

"இன்னைக்கு ஒரு தாத்தா வந்தாரு, கண்ணாடி தொலைஞ்சு போச்சுன்னு. பார்த்தா..."

"தலைமேலேயே மாட்டியிருந்தாராம். அவ்வளவுதான் விஷயம். நீங்க டீயைக் குடிங்க, ஆறுது" என்று இவன் முடித்துவிடுவான்.

அந்தக் கதையில் அதற்கப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். மறுநாள் பாத்திரம் கழுவும்போது சொன்னாள். கண்ணாடி தலைமேல் இருப்பது அந்தத் தாத்தாவுக்குத் தெரியுமாம். வீட்டில் பேச ஆளில்லாமல் வந்திருக்கிறார். இவள் கண்டுபிடிக்காத மாதிரி அரை மணி நேரம் கூடச் சேர்ந்து தேடினாளாம்.

இவனுக்கு அந்த மீதி எதற்கு?

இன்னொன்று. அவள் பேச ஆரம்பித்தால் மேஜைக்கு அடியில் அவன் வலது கால் தரையை அழுத்தும். டொக். அது அவனுக்கே தெரியாது. நான் பேசினால் அழுத்தாது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன உளறினாலும் அழுத்தாது. அவள் வாயைத் திறந்தால் மட்டும் டொக்.

அடிக்க மாட்டான். குடிக்க மாட்டான். வேறு பெண் பக்கம் திரும்ப மாட்டான். நேரம் ஏது? இவளை நிறுத்துவதே அவனுக்கு முழுநேர உத்தியோகம்.

அவளுக்குக் கார் ஓட்ட ஆசை. கல்யாணமான புதுசிலேயே கேட்டாள். வாத்தியார் பெண்டாட்டி, கேட்க வேண்டுமா? ஒவ்வொரு ஞாயிறு காலையும் காலி மைதானத்துக்குக் கூட்டிப்போவான். மற்ற எல்லோரையும் ஒரே மாதத்தில் ஓட்ட வைத்து லைசென்ஸ் பரீட்சைக்கு அனுப்பிவிடுகிற கெட்டிக்காரன், இவளுக்குப் பதினொரு வருஷம் கற்றுக்கொடுத்தான். மூன்றாவது கியரைத் தாண்ட விடவில்லை. நாலாவதைப் போட்டால் உடனே மிதிப்பான். "இன்னும் நீ ரெடியாகலை" என்பான். அவளும் சரி என்று இறங்கி, சாப்பாடு செய்யப் போவாள்.

அப்புறம் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல், கடைக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் வந்தாள். மாசம் முடிவதற்குள் பரீட்சையில் பாஸ். அந்தப் பள்ளிக்காரர் பாஸானவர்கள் போட்டோவையெல்லாம் தன் பள்ளி வாசல் கண்ணாடியில் ஒட்டி வைக்கிறவர். என் தம்பி அந்தப் பக்கம் டயர் வாங்கப் போனவன், தன் தொழில் எதிரியின் கண்ணாடியில் தன் பெண்டாட்டி லைசென்ஸைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிப்பதைப் பார்த்தான்.

மனுஷனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? சிரித்திருப்பான். கொஞ்சம் கோபமாவது பட்டிருப்பான். இவன் மறுநாள், கூட்டம் அதிகமாக இருக்கிற நேரம் பார்த்து, அவள் கடைக்குப் போனான். கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம், "இவகிட்டயா காட்டுறீங்க? இவளுக்கே பார்வை சரியில்லை. மனசும் சரியில்லை. வேற கடை பாருங்க" என்றான். கத்தவில்லையாம். அக்கறையோடு சொல்கிற மாதிரி சொன்னானாம்.

அன்று சாயங்காலமே அவள் இரண்டு பையில் துணியையும், கடை வேலைக்கு வைத்திருந்த சின்னச் சின்னத் திருப்புளிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என் அறை வாசலில் நின்றாள்.

"அண்ணி, அவர் கடைக்கு வரலைன்னா நான் இன்னும் பல வருஷம் இருந்திருப்பேன். அது ஒண்ணுதான் என் இடமா இருந்துச்சு" என்றாள்.

"போயிட்டு வா" என்றேன். பிறகு திருத்திக்கொண்டு, "போம்மா" என்றேன்.

போனவளை நிம்மதியாக விட்டானா? அவள் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தாள். இவன் அந்த அறையை வாடகைக்கு விட்டவரைத் தேடிப்போய், "நான் அவ புருஷன். கொஞ்சம் மனசு சரியில்லாதவ, பார்த்துக்கோங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தான். வீட்டுக்காரர் பயந்துபோய் அறையைக் காலி பண்ணச் சொன்னார். அடுத்த அறைக்கும் அதே கும்பிடு, அதே பேச்சு. கடை மூடுகிற நேரத்தில் எதிரே காரைப் போட்டுக்கொண்டு நிற்பான். கடை முதலாளி கேட்டால், "பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போக வந்தேன், அது தப்பா?" என்பான். யார் என்ன சொல்ல முடியும்? புருஷன் என்கிற பட்டம் கையில் இருக்கிறவரை அவன் எந்தக் கதவையும் தட்டலாம். அந்தப் பட்டத்தைப் பிடுங்கினால்தான் அவளுக்குப் பூட்டிக்கொள்ள ஒரு கதவு கிடைக்கும். அதற்காகத்தான் விவாகரத்துக் கேட்டு மனுப் போட்டாள்.

இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடுமாம். நோட்டீஸைப் படித்துவிட்டு என் தம்பி சொன்னதைக் கேளுங்கள்.

"விவாகரத்து வேணும்னு யார் முடிவு பண்ணது? அவளா? அவளுக்கு என்ன தெரியும்? இன்னும் அவ அதுக்கெல்லாம் ரெடியாகலை அக்கா."

கையெழுத்துப் போட மாட்டேன், எதிர்த்து வழக்காடுவேன் என்று ஒரு வக்கீலைப் பிடித்தான். அந்த வக்கீல் அலுவலகத்தில் ஒரு பெரிய மீன் தொட்டி இருந்தது. நாங்கள் போய் உட்கார்ந்தால் எங்களைப் பார்ப்பதைவிட அதைத்தான் பார்ப்பார். அதனால் எனக்கு அவர் தொட்டி வக்கீல். மீனுக்குத் தீனி தூவிக்கொண்டே, "குடும்பம்கிறது ஒரு கோயில் அம்மா. அதை உடைக்க விடக் கூடாது" என்பார். அவருக்கு இரண்டாவது கல்யாணம் என்று அவர் குமாஸ்தா வெளியில் சொன்னான்.

அவளுக்கு ஒரு வக்கீலம்மா. பழைய கட்டடத்தில் மாடி அறை. மேஜை இழுப்பறையில் எப்போதும் பிஸ்கட் பாக்கெட் இருக்குமாம். அழுகிறவர்களுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. பிஸ்கட் வக்கீலம்மா என்று அவளே பேர் வைத்துச் சொன்னாள். நான் என் கண்ணாடியின் கால் ஆடுகிறது என்று சாக்குச் சொல்லி அவள் கடைக்குப் போயிருந்தபோது இந்தப் பேச்செல்லாம் நடந்தது.

"வழக்கு எப்படிம்மா போகுது?" என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு குனிந்தபடியே பேசினாள். "வக்கீலம்மா தலையைப் பிச்சுக்கிறாங்க அண்ணி. கொடுமைன்னு மனுவுல போட்டாச்சு. பெரிசா ஒரு சம்பவம் சொல்லும்மா, ஒண்ணே ஒண்ணு போதும்ங்கிறாங்க. நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். பெரிசா ஒண்ணுமே இல்லை. கடைக்கு வந்து பேசினது ஒண்ணு, அதைக்கூட அக்கறையில சொன்னேன்னு சொல்லிடுவாரு. மத்ததெல்லாம் சின்னது. குழாயை இறுக்கினார், அடுப்பைக் குறைச்சார்னு கோர்ட்ல சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிப்பாங்க" என்றேன். பொய் சொல்லி என்ன பயன்?

"தள்ளுபடி ஆயிடுச்சுன்னா நான் மறுபடியும் அந்த வீட்டுக்குத்தான் போகணும்னு இல்லை. ஆனா நான் எங்க போனாலும் அந்த வீடு பின்னாலயே வரும்." கண்ணாடியைத் துடைத்து என் மூக்கில் வைத்துவிட்டு, "இப்ப ஆடுதா பாருங்க" என்றாள்.

ஆடவில்லை.

கொஞ்ச நாளில் தம்பி என்னைத் தொட்டி வக்கீலிடம் கூட்டிப்போனான். நான் அவனுக்கு சாட்சியாம். கூடவே இருந்த அக்கா, சாமி பக்தி உள்ளவள், பொய் சொல்ல மாட்டாள் என்று ஊருக்கே தெரியும். நல்ல சரக்குதான் பிடித்திருக்கிறான்.

"அம்மா, உங்களைப் பொய்யே சொல்லச் சொல்லலை" என்றார் வக்கீல். "மூணு கேள்வி. உங்க தம்பி மனைவியை அடிச்சாரா?"

"இல்லை."

"குடிச்சாரா?"

"இல்லை."

"வேற பொண்ணு?"

"அந்த அளவுக்கு அவனுக்குச் சுறுசுறுப்பு கிடையாது."

தொட்டி வக்கீல் முதல் தடவையாக மீனை விட்டு என்னைப் பார்த்தார். "இல்லைன்னு மட்டும் சொன்னாப் போதும்மா."

"உண்மையைத்தானே சொல்லச் சொல்றோம்? அப்புறம் என்ன அக்கா முகத்தை அப்படி வச்சிருக்க?" என்றான் தம்பி. வரும் வழியில் காரில், நான் சீட் பெல்ட்டைப் போட்டேன். அவன் கை நீட்டி அதைக் கழற்றி மறுபடி போட்டான்.

கோர்ட் நாள் வந்தது. அதற்கு முன்னால் எத்தனையோ தடவை வந்து, இன்று நீதிபதி லீவு, இன்று வக்கீல் வரவில்லை என்று திரும்பிப் போயிருந்தோம். அன்றுதான் கோர்ட் உட்கார்ந்தது. சாட்சிகள் வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். நான் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து மனசுக்குள் ஜபித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் சாட்சி சொல்கிறாள். வார்த்தை ஒன்றும் கேட்கவில்லை, குரல் மட்டும் லேசாக வருகிறது. நடுவில் டொக். கொஞ்ச நேரம் குரல். மறுபடி டொக். கதவுக்கு வெளியே நின்றிருந்த சேவகர், "உள்ளே என்ன மரவேலை நடக்குதா?" என்று எட்டிப்பார்த்தார். எனக்கு மட்டும் தெரியும். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தபடி என் தம்பி அவளை நிறுத்தப் பார்க்கிறான். அவள் நிற்கவில்லை. டொக்குக்கு அப்புறமும் குரல் வந்துகொண்டே இருந்தது. அந்தத் தாழ்வாரத்தில் எனக்கு ஜபம் மறந்துபோய்விட்டது, கடவுள் மன்னிக்கட்டும். நான் அந்தக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்த அவள் தோளைப் பிஸ்கட் வக்கீலம்மா தட்டினார். ஆனால் இரண்டு பேர் முகத்திலும் தெளிவு இல்லை. உள்ளே யாரோ சிரித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தம்பியைக் கடைசியாக ஏற்றுவது என்று தொட்டி வக்கீல் திட்டம். சத்தியம் பண்ணினேன். மூன்று கேள்வி கேட்டார், மூன்று இல்லை சொன்னேன். சுறுசுறுப்பைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கோட்டைச் சரிபண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்.

பிஸ்கட் வக்கீலம்மா எழுந்தார். குள்ளமான பெண். குரல் மட்டும் பெரிசு. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மா, நீங்க அந்த வீட்டுலயே இருக்கீங்க. உங்க தம்பி மனைவி ஒரு பேச்சை ஆரம்பிச்சு, அவங்களே முடிச்சு நீங்க கேட்டிருக்கீங்களா?"

தொட்டி வக்கீல் எழுந்து, இதெல்லாம் ஒரு கேள்வியா என்றார். நீதிபதியும் ஒரு பெண்தான், வயசானவர். "அவங்க பதில் சொல்லட்டும்" என்றார்.

நான் யோசித்தேன். சத்தியம் பண்ணியிருக்கிறேன், அவசரப்படக் கூடாது. வருஷம் வருஷமாகத் தேடிப் பார்த்தேன்.

"கேட்டிருக்கேங்க" என்றேன்.

தம்பி பெஞ்சில் நிமிர்ந்தான்.

"எப்போம்மா?"

"அவன் வீட்டில் இல்லாதப்ப."

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி பேனாவை எடுத்தார். தம்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வாசல் கார் திருடு போனால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

என்னைப் பின் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அடுத்து அவன் ஏறினான். சாட்சிக் கூண்டின் அடிப்பலகை பழைய மரம், அடியில் வெற்றிடம். ஏறினதுமே அதிர்ந்தது. தன் வக்கீல் கேட்டதற்கெல்லாம் அழகாகப் பதில் சொன்னான். நான் அவளை ராணி மாதிரி வைத்திருந்தேன், அவளுக்கு நானே கார் கற்றுக்கொடுத்தேன், இத்தனை வருஷத்தில் என்னிடம் படித்து ஒருத்தர்கூடப் பரீட்சையில் தோற்றதில்லை. பெருமை தாங்கவில்லை. கோர்ட் என்பதை மறந்து வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

பிஸ்கட் வக்கீலம்மா எழுந்து, "வாத்தியாரே" என்றார்.

அப்படிக் கூப்பிட்டது அவனுக்குப் பிடித்துவிட்டது. முகம் மலர்ந்தது.

"ஒருத்தருக்குக் கத்துக்கொடுக்க எவ்வளவு நாள் ஆகும்?"

"ஒரு மாசம் போதும். மண்டு மாதிரி இருந்தாலும் ஒன்றரை மாசம்."

"உங்க மனைவிக்கு?"

"பதினொரு வருஷம்" என்றான். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவனுக்கே கேட்டது.

"பரீட்சைக்கு எத்தனை தடவை அனுப்பினீங்க?"

"அனுப்பலை. அவ ரெடியாகலை."

"ரெடியாகலைன்னு யார் முடிவு பண்ணுவா?"

"இது என்ன கேள்வி? நான்தான். வாத்தியார் நான்தானே?"

"ஆனா வேற இடத்துல ஒரு மாசத்துல பாஸ் பண்ணிட்டாங்களே?"

முன் பெஞ்சில் இருந்த அவள் அப்போது தன்னையறியாமல் வாயைத் திறந்தாள். "முதல் தடவையிலேயே..."

டொக்!

கூண்டே குதித்தது. வெளியே நின்ற சேவகர்கூட எட்டிப் பார்த்தார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, "என்ன சத்தம் அது? காலையிலிருந்து கேட்குது" என்றார்.

இவன் கொஞ்சமாவது சமாளித்திருக்கலாம். கால் மரத்துப்போச்சு என்றிருக்கலாம். ஆனால் தொழில் பெருமை விட்டுவிடுமா? சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னான். "பழக்கம்மா. இத்தனை வருஷமா வாத்தியார் சீட்ல உட்கார்ந்து, பக்கத்துல இருக்கிறவங்க தப்பு பண்ணப் போனா கால் தானாப் போயிடும். பிரேக் போட."

"இப்ப யார் ஓட்டுறாங்க?" என்றார் நீதிபதி.

அவன் கீழே குனிந்து தன் காலைப் பார்த்தான். அது இன்னும் பலகையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. அவன் எடுக்க நினைத்த மாதிரி தெரிந்தது. எடுக்கவில்லை. தொட்டி வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அன்று அவருக்குப் பார்க்க மீன் இல்லை.

நான் சின்ன வயசில் இவனைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தவள். அந்த நேரம் எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன், வரவில்லை. இத்தனை வருஷம் ஒரு பெண்ணை மூன்றாவது கியரில் வைத்திருந்தவன், அதை வெட்கமில்லாமல் பழக்கம் என்று சொல்கிறான். கொசு அடிக்கிற மாதிரி ஒரு பழக்கம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் என்னிடம், "தீர்ப்பு வர்ற வரைக்கும் இரு. அதுக்கப்புறம் உன் மகள் வீட்டுக்குப் போயிடு. எனக்கு அக்கா இல்லை" என்றான். சரிடா என்றேன். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. ஆனால் நான் சமைத்துவிட்டு அறைக்குப் போனதும், பின்னாலேயே போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பது நிற்கவில்லை.

தீர்ப்பு நாள் நான் பையோடுதான் கோர்ட்டுக்குப் போனேன். விவாகரத்துக் கொடுத்தாகிவிட்டது என்று நீதிபதி படித்தார். அவள் வேலை செய்கிற இடத்துக்கும் தங்குகிற இடத்துக்கும் இனி அவன் போகக் கூடாது, அவளுக்காக வேறு யாரிடமும் போய்ப் பேசவும் கூடாது என்றார். அவள் அழவில்லை. வக்கீலம்மா கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். வாங்கி, மெதுவாக, முழுசும் சாப்பிட்டாள்.

அப்பீல் போடுவேன் என்று கொஞ்ச காலம் அவன் சொல்லித் திரிந்தானாம். போடவில்லை. இப்போது அவன் உயிரோடு இல்லை. பயிற்சிக் காரில், வாத்தியார் சீட்டில் உட்கார்ந்தபடியே இருதயம் நின்றுவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்த பெண் பதறாமல், சிக்னல் போட்டு, ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் கத்தினாளாம். நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறான், மற்றவர்களுக்கு. செய்தி கேட்டு நான் பிரார்த்தனை செய்தேன். தினமும் செய்கிறேன். அவன் பேரைக் கடைசியில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அவனுக்காகக் கேட்கும்போது அந்த ஹாஸ்டல் சமையல்கார அம்மாவை நினைத்துக்கொள்வேன். வேறு எதை நினைத்தாலும் வேண்டுதல் பாதியில் நின்றுவிடுகிறது.

நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது தீர்ப்பு நாளில்தான். கோர்ட் வாசலில் அவள் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். பழைய கார், சின்னது, ஒரு பக்கம் நசுங்கல். "அண்ணி, ரயில் நிலையம் வரைக்கும் நான் விடுறேன். பையை உள்ளே போடுங்க" என்றாள். இன்னமும் அண்ணிதான். நான் முன் சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டேன். யாரும் அதைக் கழற்றிப் போடவில்லை.

அவள் சாவியைத் திருகும்போது அவன் படியிறங்கி வந்தான். வக்கீல் சொல்லியிருப்பார்போல, அவள் பக்கம் போகவில்லை. சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றான். முகம் வாடியிருந்தது. கூடப் பிறந்தவன், எனக்கு அக்கா இல்லை என்றவன், பிரியும்போது ஏதோ சொல்ல வருகிறான் என்று நினைத்துக் கண்ணாடியை இறக்கினேன். மன்னிச்சுடுக்கா என்றால் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். அவள் முன்னால் பார்த்துக்கொண்டு கியரைப் போட்டாள். கீழே நடைபாதையில் அவன் வலது கால் அழுந்துவதைப் பார்த்தேன். கார் நிற்கவில்லை, நகர ஆரம்பித்தது. அவன் கூடவே நாலடி நடந்து, குனிந்து, என் காதருகே ரகசியம்போலச் சொன்னான்:

"அக்கா, அவ வேகமாப் போனா பயப்படாதே. கைப்பிரேக் உன் பக்கத்துலதான் இருக்கு. பிடிச்சு இழுத்துடு."